மழை அளவும் எழுத்துச்சரமும்: நெட்லோகோ பட்டியலைப் பைதனில் எண்களாக மாற்றுவது எப்படி?

2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களிலும் அடைமழை என்றாலே மண்சரிவு அச்சம்தான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயார், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கூறும் அளவுகோல்.

மக்கள் எப்படி வெளியேறுவார்கள் என்பதைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்க்க நெட்லோகோ உதவும். 1999இல் யூரி விலென்ஸ்கி உருவாக்கிய இலவச மென்பொருள் இது. இதன் முடிவுகளைப் பைதனுக்குக் கொண்டுசெல்லும் மாணவர்கள் ஓரிடத்தில் தடுக்கி விழுவதுண்டு.

சிக்கல் எங்கே?

மூன்று நாள் மழையை நெட்லோகோ [82 96 154] என்று எழுதும். எண்களுக்கு இடையில் காற்புள்ளி இல்லை, வெற்றிடம் மட்டுமே. கோப்பிலிருந்து வாசிக்கும்போது பைதனுக்கு இது பட்டியல் அல்ல, எழுத்துச்சரம். நீளம் கேட்டால் 3 வராது, 11 வரும்.

எழுத்துச்சரத்தைத் துண்டாக்கி, எண்ணாக மாற்றாமல் விட்டால் ஆபத்து அதிகம். எழுத்துகளாக ஒப்பிடும்போது முதல் இலக்கமே தீர்மானிக்கும். எனவே மூன்றிலும் பெரியது 96 என்று விடை வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. வெளியேற்ற வேண்டிய நாள், வெறும் விழிப்பு நாளாகப் பதிவாகிவிடும்.

மாற்றும் முறை

1. இரு முனைகளிலும் உள்ள சதுர அடைப்புக்குறிகளை நீக்குங்கள்.
2. வெற்றிடம் உள்ள இடங்களில் பிரியுங்கள். பிரிப்பான் எதையும் குறிப்பிடாவிட்டால், இரட்டை வெற்றிடம் இருந்தாலும் சரியாகப் பிரியும்.
3. ஒவ்வொரு துண்டையும் தசம எண்ணாக மாற்றுங்கள்.
4. எண்ணிக்கையையும் மிகப்பெரிய பெறுமானத்தையும் கையால் கணித்து ஒப்பிடுங்கள்.

பட்டியலுக்குள் பட்டியல்

[[82 96] [154 40]] போன்றவற்றில் வெற்றிடங்களைக் காற்புள்ளியாக மாற்றி, ஜேசன் வாசிப்பானிடம் கொடுங்கள். "கீழ்ப் பிரிவு" போல மேற்கோளுக்குள் வெற்றிடம் உள்ள பெயர்கள் இருந்தால் இந்த வழி பெயரையும் சிதைக்கும். அப்போது மேற்கோளுக்கு வெளியே உள்ள வெற்றிடங்களை மட்டும் மாற்ற வேண்டும். முடிந்தால், நெட்லோகோவிலேயே ஒரு வரிக்கு ஒரு பெறுமானமாக எழுதச் செய்யுங்கள். இதுவே பாதுகாப்பானது.

இரண்டு எச்சரிக்கைகள்

எழுத்துச்சரத்தை அப்படியே நிரலாக இயக்கும் 'இவால்' கட்டளையைத் தவிருங்கள். வெளியார் தந்த கோப்பில் எது இருந்தாலும் அது உங்கள் கணினியில் இயங்கிவிடும்.

அளவீடு கிடைக்காத நாளுக்குப் பூச்சியம் இடாதீர்கள். பூச்சியம் என்றால் மழை பெய்யவில்லை என்று பொருள். மழைமானி நின்றுபோன நாளும் மழையில்லாத நாளும் ஒன்றல்ல.

உருவகப்படுத்தல் முன்கூட்டியே திட்டமிட மட்டுமே. மழை கொட்டும்போது அதிகாரபூர்வ எச்சரிக்கையையே பின்பற்றுங்கள்.