எண்ணும் மணிகள்: செபமாலைப் பெயர்களின் பொருள் வரலாறு

1. முன்னுரை

மணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளியவாறே இறைவன் பெயரையோ மந்திரத்தையோ ஓதும் வழக்கம் இந்து, பௌத்த, சமண, சீக்கிய, இசுலாமிய, கிறித்தவ சமயங்களில் காணப்படுகிறது. கொள்கையால் வேறுபட்ட சமயங்கள் ஒரே வகைக் கருவியால் மன அமைதியை நாடியது ஏன் என்னும் வினாவுக்கு, அக்கருவிக்கு மொழிகள் இட்ட பெயர்கள் ஒருவாறு விடை தருகின்றன. அப்பெயர்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. செயலின் பெயர் கருவிக்கு ஆதல்

வடமொழியில் 'ஜப்' என்னும் வினையடி முணுமுணுத்தலைக் குறிக்கும். அதனடியாகப் பிறந்த 'ஜபமாலை' தமிழ்க் கத்தோலிக்கரிடையே 'செபமாலை' என வழங்குகிறது. தமிழ் முசுலிம்கள் 'தஸ்பீஹ் மணி' என்பர். அரபியில் 'தஸ்பீஹ்' என்பது இறைவனின் தூய்மையைப் போற்றும் செயல். அச்செயலின் பெயர் பின்னர் மணிக்கோவைக்கும் ஆகிவந்தது. ஐரோப்பாவில், 'எங்கள் தந்தையே' எனத் தொடங்கும் செபத்தின் இலத்தீன் முதற்சொற்களான 'பாத்தர் நோஸ்தர்' என்பன, அதனை எண்ண உதவும் மணிகளுக்குப் பெயராயின. கி.பி. 13ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத் தொழிற்குழுக்களின் விதிகளைத் தொகுத்த எத்தியேன் புவாலோவின் நூல், எலும்பு, பவளம், அம்பர் முதலியவற்றால் இம்மணிகளைச் செய்தோரைத் தனித்தனிக் குழுவினராகக் குறிக்கிறது.

ஆங்கிலத்தில் இம்மாற்றம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. பழைய ஆங்கிலத்தில் 'கெபெட்' என்பது வேண்டுதலைக் குறித்தது. அதன் வழிவந்த 'பீட்' இன்று மணியை மட்டுமே குறிக்கிறது. அணிகலனில் கோக்கும் கண்ணாடி மணிக்கும் அதுவே பெயர். வேண்டுதல் மறைய, மணி எஞ்சிற்று.

3. எண்ணிக்கையும் எண்ணமும்

வேறு சில மொழிகள் எண்ணிக்கையால் பெயரிட்டன. உருசிய மொழியின் 'சோத்கி' எண்ணுதற் பொருள் தரும் பழைய வினையிலிருந்து வந்தது. சப்பானியத்தில் இருபெயர்கள் உண்டு: 'ஜுஜு' என்பது எண்ணும் மணி, 'நென்ஜு' என்பது நினைவின் மணி. சப்பானியம் இரு சொற்களாகப் பிரித்த இவ்விரு பொருளையும் தமிழின் 'எண்ணுதல்' என்னும் ஒரே வினை தாங்கி நிற்கிறது. எண்ணிக்கையும் எண்ணமும் அதனடியாகவே பிறந்தன.

எண்கள் மரபுக்கு மரபு வேறுபடும். இந்திய மரபுகளில் 108 மணிகளும், இசுலாமியரிடையே 33 அல்லது 99 மணிகளும் பெருவழக்கு. தமிழ்க் கத்தோலிக்கர் '53 மணிச் செபம்' என எண்ணாலேயே பெயரிட்டனர். எனினும் பயன் ஒன்றே. எண்ணும் பொறுப்பை விரல் ஏற்பதால் மனம் ஓதுபொருளில் நிலைபெறுகிறது.

4. தலைமை மணி

ஜபமாலையில் 108 மணிகளின் வேறாக நிற்பது மேரு அல்லது நாயகமணி. விரல் அதனைத் தாண்டுவதில்லை. மாலையைத் திருப்பி அடுத்த சுற்றைத் தொடங்குவர். துருக்கிய மொழியில் மாலையின் தலைப்பகுதி 'இமாமே' எனப்படும். இது தொழுகையை முன்னின்று நடத்தும் இமாமை நினைவூட்டும் பெயர். சப்பானியர் அதனை 'ஓயாதாமா', அதாவது பெற்றோர் மணி என்பர். இச்சொல் இன்று கூட்டத்தலைவனையும் குறிக்கிறது. ஒரு சுற்று முடிந்ததென, கண்மூடி இருப்பவருக்கும் அறிவிப்பது இம்மணியே. தலைமைப் பெயர் அதற்குப் பொருந்துவதே.

5. ஓதலும் மூச்சும்

இத்தாலிய ஆய்வாளர் லுசியானோ பெர்னார்தியும் குழுவினரும் 23 பேரிடம் நிகழ்த்திய ஆய்வு 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. இலத்தீன் மொழியில் செபமாலை சொல்லும்போதும், 'ஓம் மணி பத்மே ஓம்' என்னும் மந்திரத்தை ஓதும்போதும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்ததை அது காட்டிற்று. ஓதும் தொடரின் நீளமே மூச்சின் அளவாகிறது. மணிவழி ஓதலில் பலர் உணரும் அமைதிக்கு இஃது ஒரு காரணமாகலாம்.

6. முடிவுரை

இந்தியில் மணியைக் குறிக்கும் 'மன்கா'வும், 'மனத்தின்' எனப் பொருள்படும் 'மன் கா'வும் ஒலியால் ஒன்று. கபீரின் பெயரால் வழங்கும் ஈரடி ஒன்று இவ்வொற்றுமையைக் கையாண்டு, மனம் திரும்பாமல் மாலையை மட்டும் உருட்டுவதைக் கண்டிக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ந்ததை வழிபாட்டுக்கு நேரவிடலாகாது என்பதே அதன் உட்கிடை எனலாம். வேண்டுதல் நீங்கி மணி மட்டும் எஞ்சுதல் மொழிக்குப் பொருள்மாற்றம். ஓதுபவருக்கோ அஃது இழப்பு.