தீவகத்து மாணவரும் ஆங்கில உயர்சொற் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியின் அன்றாடச் சொற்களைப் பழக்கத்தாற் கற்கலாம். உயர்சொற்களை அவ்வாறு கற்றல் அரிது. சந்தையிலும் துறைமுகத்திலும் வழங்காது, நூல்களிலும் நீதிமன்றங்களிலும் ஆய்வுகூடங்களிலும் வழங்கும் சொற்களையே ஈண்டு உயர்சொற்கள் என்கின்றோம். புங்குடுதீவின் ஊர்களுள் ஒன்றாகிய இறுப்பிட்டி போன்ற ஒரு தீவகக் கிராமத்து மாணவன் ஆங்கிலத்தின் உயர்சொற்களை எவ்வழியாகப் பெற்றான், எதன் பொருட்டுக் கற்றான், அக்கல்வி அவனது தமிழறிவோடு எத்தகைய உறவு கொண்டிருந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களைத் தொகுத்து மனனஞ் செய்யும் மரபு ஆங்கிலத்தோடு வந்ததன்று. திண்ணைப் பள்ளிகளில் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு பாடமாயிருந்தது. பன்னிரு தொகுதிகளைக் கொண்ட அந்நூல் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையாற் சொற்களை அடுக்கியது; பதினோராந் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தந்தது. ஆறுமுகநாவலர் 1849இல் சென்னைக்குச் சென்றபோது அச்சிட்ட நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று என்பது அதற்கிருந்த தேவையைக் காட்டும். நிகண்டு சொல்லைத் தந்தது. நன்னூல் அச்சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பகுத்துக் காணும் முறையைத் தந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததே நமது பழைய சொற்கல்வியாகும்.

அமெரிக்க மிசன் 1816இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கியது. 1823இல் டானியல் பூர் அவர்களைத் தலைவராகக் கொண்டு நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினறி, கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம் முதலியவற்றை ஆங்கிலத்திற் கற்பித்தது. அங்கே உயர்சொற்கள் பட்டியலாகக் கற்பிக்கப்படவில்லை. கிரகணத்தைக் கணிக்கும் மாணவன் அக்கணிப்புக்கு வேண்டிய சொல்லையும் உடன் கற்றான். தமிழிலக்கணமும் இலக்கியமும் அதே கூரையின்கீழ்ப் பயிலப்பட்டன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் இச்செமினறியின் மாணவர்களே. ஆங்கிலத்தின் உயர்சொல்லை அறிந்த தாமோதரம்பிள்ளை பின்னர்த் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அகராதிகள் எழுந்த சூழலும் இதுவே. நைற், ஸ்போல்டிங் ஆகியோரின் முயற்சியால் 58,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதி 1842இல் வெளிவந்தது. அவ்விருவர் பெயராலும் அமைந்த ஆங்கில-தமிழ் அகராதி 1844இலும், 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862இலும் சென்னையில் அச்சாயின. 1841இல் தொடங்கிய உதயதாரகை இரு மொழிகளிலும் வெளியாயிற்று. 1864 முதல் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன், உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் தமிழ் தேடினார். இக்காலத்தில் ஆங்கிலச் சொற்கல்வியும் தமிழ்ச் சொல்லாக்கமும் ஒன்றையொன்று வளர்த்தன.

இந்நிலை நீடிக்கவில்லை. 1833இல் நடைமுறைக்கு வந்த கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளுக்குப் பின்னர் ஆங்கிலம் அரச உத்தியோகத்தின் வாயிலாயிற்று. ஆங்கிலக் கல்வி மாணவரைச் சமயப் பணியினின்றும் உத்தியோகத்துக்கு ஈர்க்கின்றதென்ற கருத்து மிசன் மேலிடத்தில் வலுப்பெற, 1855இற் செமினறி மூடப்பட்டது. 1872இல் அதேயிடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அதே ஆண்டில் நாவலரும் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். ஆங்கிலத்தை விலக்கிச் சைவப் பிள்ளைகளுக்கு எதிர்காலமில்லை என்பதை அவரும் உணர்ந்திருந்தார். 1880ஆம் ஆண்டளவிற் கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. அதன்பின் உயர்சொல் அறிவுக்குரிய கருவி என்ற நிலையினின்றும் நீங்கிப் பரீட்சைக்குரிய பொருளாயிற்று. அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதி மனனஞ் செய்யும் குறிப்பேடு மாணவனின் துணையாயிற்று. நிகண்டின் மனனம் இவ்வாறு தொடர்ந்தது. நன்னூலின் பகுப்பு மட்டும் கைவிடப்பட்டது.

தீவகத்து மாணவனுக்கு இக்கல்வி கடல் கடந்தே கிடைத்தது. கிராமப் பாடசாலை தமிழ்ப் பாடசாலை. ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணமும் விடுதிச் செலவும் வேண்டும். புங்குடுதீவை வேலணையோடு இணைக்கும் வாணர் பாலம் அமையுமுன் தோணியே போக்குவரத்து. எனவே ஆங்கிலச் சொல்லின் எல்லை குடும்பத்தின் வருவாயால் வரையறுக்கப்பட்டது. ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரி இவ்வெல்லையை ஓரளவு அகற்றியது. 1913இற் கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள் அங்கேதான் ஆரம்பக் கல்வி பெற்றார். 1952இல் தமிழ்ப் பண்பாட்டை உலகுக்கு அறிவிக்கும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கியவரும், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைய முன்னின்றவரும் அவரே. தீவகத்தான் ஒருவன் பெற்ற ஆங்கிலம் தமிழுக்கே பயன்பட்டமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் என்னும் தடை நீங்கியது. படிப்படியாகத் தாய்மொழி போதனாமொழியாயிற்று. 1960ஆம் ஆண்டளவிற் பல்கலைக்கழகக் கலைப்பாடங்களும் சுயமொழியிற் கற்பிக்கப்பட்டன. இறுப்பிட்டியின் ஏழை மாணவனுக்கும் பல்கலைக்கழக வாயில் திறந்தது இம்மாற்றத்தாலேயே என்பது மறுக்கவியலாதது. அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆயின் ஆங்கிலம் ஒரு தனிப்பாடமாகச் சுருங்கியது. விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்ற மாணவன் ஆங்கில பாடத்திலே கடிதமும் சிறுகதையும் படித்தான். அவனது அறிவும் ஆங்கிலமும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இன்றும் உயர்தரம் வரை உயிரியலைத் தமிழிற் பயின்றவன், மருத்துவ பீடத்தில் அதனை ஆங்கிலத்திலேயே தொடரவேண்டியவனாகின்றான். உயர்தர வகுப்பிற் பொது ஆங்கிலம் ஒரு பாடமாயினும் அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான கணிப்பிற் சேர்வதில்லை. 1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் இடம்பெயர்ந்தமையும் பாடசாலைகள் நிலைகுலைந்தமையும் இவ்விடைவெளியை மேலும் பெருக்கின.

இவ்விடைவெளிக்கு மொழியமைப்பிலும் ஒரு காரணம் உண்டு. தமிழிற் கடல், கடலோடி, கடற்படை என்பன ஒரே பகுதியினின்றும் பிறந்தமை வெளிப்படை. ஆங்கிலத்தின் அன்றாடச் சொற்கள் பெரும்பாலும் ஜெர்மானிய வழியின. உயர்சொற்கள் இலத்தீன், கிரேக்க வழியின. தீவைக் குறிக்கும் 'ஐலன்ட்' என்ற சொல்லை அறிந்த சிறுவன், தீவுசார்ந்தது எனப் பொருள்படும் 'இன்சுலர்' என்பதை அதனாலே ஊகிக்க முடியாது. ஆயின் இலத்தீனில் 'இன்சுலா' தீவு எனக் கூறிவிட்டால் ஒரு சொற்குடும்பமே விளங்கும். 'பெனின்சுலா' ஏறத்தாழத் தீவு, அதாவது குடாநாடு. 'இன்சுலேற்றர்' மின்னைத் தீவுபோற் பிரித்து வைப்பது. நமது பாடநூல்கள் அதனைக் காவலி என்கின்றன. சதையியிற் சிறுதீவுகள்போற் சிதறிக் கிடக்கும் கலக்கூட்டங்களிற் சுரப்பதாலேயே 'இன்சுலின்' அப்பெயர் பெற்றது. தீவகத்து மாணவன் தன் ஊரினின்றும் புறப்பட்டுப் புவியியல், பௌதிகம், மருத்துவம் ஆகிய மூன்று துறைகளின் சொற்களையும் ஒரே பகுதியால் அடையலாம். பகுபத இலக்கணம் பயின்றவனுக்கு இம்முறை புதிதன்று.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். ஆங்கில உயர்சொற் கல்வி நம்மிடையே சிறந்திருந்த காலம் தமிழ் பின்தள்ளப்பட்ட காலமன்று. இரு மொழிச் சொற்களும் ஒரே மேசையில் வைத்து ஆராயப்பட்ட காலமாகும். சொல்லைப் பொருளினின்றும் தமிழினின்றும் பிரித்துப் பட்டியலாக்கியபோதே அது நலிந்தது. எனவே உயர்வகுப்பு மாணவனுக்கு வேண்டியது இன்னுமொரு சொற்பட்டியலன்று. அவன் தமிழிற் கற்கும் பாடத்தின் கலைச்சொல்லும், அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லும், அவ்விரண்டின் பகுதியும் ஒருங்கே ஆங்கில பாட வேளையிற் கற்பிக்கப்படல் வேண்டும். விடுதிக்கோ தனியார் வகுப்புக்கோ பணமில்லாத தீவகத்துப் பிள்ளைக்கு ஊர்ப் பாடசாலையிலேயே இது கிடைக்குமாயின், இலவசக் கல்வி திறந்த வாயிலைக் கடந்து அவன் அப்பால் நடப்பான்.