கடைந்த திருகும் அரித்த திருகும்

சுவீடனின் பெர்-இங்வார் பிரோனேமார்க் 1965இல் கோத்தன்பர்க்கில் முதல் நோயாளியின் தாடையில் செயற்கைப் பல்லைத் தாங்கப் பதித்த டைட்டானியம் திருகு, லேத்தில் கடைந்தது. கடைந்த பிறகு அதன் பரப்பில் வேறு வேலை செய்யவில்லை. தொட்டால் வழவழப்பு, நுண்ணோக்கியில் பார்த்தால் வெட்டுளி போன வரிகள் மட்டும் தெரியும்.

1990களில் சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த திருகும் லேத்தில்தான் பிறக்கிறது. ஆனால் அதோடு விடுவதில்லை. கால் முதல் அரை மில்லிமீட்டர் அளவுள்ள அலுமினாத் துகள்களை வேகமாக அடித்துப் பரப்பைக் குழியாக்குகிறார்கள். பிறகு ஹைட்ரோகுளோரிக், சல்பியூரிக் அமிலக் கலவையில் இட்டு, அந்தக் குழிகளுக்குள் சில மைக்ரான் அளவில் இன்னும் நுண்ணிய குழிகளை அரித்தெடுக்கிறார்கள். அதற்கு முன் டைட்டானியத் தூளை உருக்கித் தெளித்துச் சொரசொரப்பூட்டும் முறை இருந்தது. தெளித்த பூச்சு உதிரக்கூடும். அரித்த குழியில் உதிர எதுவும் இல்லை.

இரண்டிலும் எலும்பைச் சந்திப்பது ஒரே பொருள்தான்: டைட்டானியத்தின் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். எலும்பு வந்து சேரும் வழிதான் வேறு. கடைந்த பரப்பில், துளையிட்ட எலும்பின் சுவரிலிருந்து புது எலும்பு மெல்ல வளர்ந்து திருகை நெருங்குகிறது. அரித்த பரப்பிலோ இரத்த உறைவின் ஃபைப்ரின் இழைகள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. எலும்பு செய்யும் செல்கள் அவற்றின் வழியே நகர்ந்துவந்து திருகின் மேலேயே எலும்பைப் படியவைக்கின்றன. சுவரைக் கொத்திவிட்டுப் பூசும் கொத்தனாருக்கு இதில் வியப்பிராது.

திருகின் மேல் பல் பொருத்தும்வரையான காத்திருப்பிலும் இந்த வேறுபாடு தெரிந்தது. பிரோனேமார்க் முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம். அரித்த திருகுக்கு நல்ல எலும்பில் 6 வாரம் போதுமென்றார்கள். மேல்தாடையின் பின்பகுதி போன்ற மென்மையான எலும்பில் கடைந்த திருகு தொடக்கத்திலேயே தோற்பதும் அதிகம். அங்கே அரித்ததைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கு இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அழற்சி வந்து எலும்பு இறங்கினால், சொரசொரப்பான புரிகள் வெளியே தெரியும். அவற்றில் கிருமிப் படலம் ஒட்டினால் சுத்தம் செய்வது பெரும்பாடு. அதனால் சில நிறுவனங்கள் திருகின் கழுத்தைக் கடைந்தபடியே விட்டு, கீழே மட்டும் சொரசொரப்பாக்குகின்றன. கழுத்துக்குக் கீழும் எலும்பு இறங்கிவிட்டால், ஆலையில் பாடுபட்டு உண்டாக்கிய சொரசொரப்பைப் பல் மருத்துவர் நோயாளியின் வாயிலேயே பர் என்னும் சுழலும் அரைகருவியை வைத்துத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டிவருவதும் உண்டு.