பிக்கப் மாற்றம்: ஒரு வரலாற்றுச் சான்று

மின்னிசைக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பேஸ் கிட்டாரின் பிக்கப் அந்த வரையறைக்குள் அடங்குவதில்லை.

லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் நான்கு தந்திகளுக்கும் சேர்த்து ஒரே கம்பிச்சுருள். தந்தியின் அதிர்வோடு, சுற்றியுள்ள மின்னோட்டத்தின் ரீங்காரத்தையும் அது உள்வாங்கியது. 1957-இல் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது: இரு தந்திகளுக்கு ஒரு சுருள், சுற்றுத்திசையும் காந்தமுனையும் ஒன்றுக்கொன்று எதிர். இரண்டிலும் புகும் ரீங்காரம் தம்முள் அழிய, தந்தியின் ஒலி எஞ்சும். (எளிய இயற்பியல்தான், ஆயினும் அழகு.)

பிற நிறுவனங்களும் இவ்வடிவத்தைப் பின்பற்றியதால் அதன் அளவே எழுதப்படாத விதியாயிற்று. மரத்தைக் குடையாமலே ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்தலாம். 1970-களில் டிமார்சியோ, சீமோர் டங்கன் போன்றோர் மாற்றுப் பிக்கப்புகளை விற்கத் தொடங்கினர்.

நடுத்தர விலைக் கருவிகளில் இவ்வழக்கம் வேரூன்றியது வியப்பன்று. கழுத்தையும் உடலையும் இன்று இயந்திரங்கள் செம்மையாகச் செதுக்கிவிடுகின்றன. சிக்கனம் பிக்கப்பில்தான் வெளிப்படுகிறது. அல்நிகோ காந்தத் தண்டுகளுக்குப் பதிலாக எஃகு முனைகளும் அடியில் செராமிக் காந்தமும் வைக்கப்படுவது பரவலான வழக்கம்.

சாலிடர் பிரிக்கப்பட்ட பழங்கருவியைச் சேகரிப்பாளர்கள் மதிப்புக் குறைந்ததாகக் கருதுவர். அந்த அளவுகோலை வரலாற்றாய்வு கடன் வாங்கலாகாது. தன் கருவியின் ஒலி போதாதென வாசித்தவர் எண்ணியதற்கு அந்த மறு இணைப்பே நேரடிச் சான்று. கருவியை மூலநிலைக்கு மீட்க முனைவோர், கழற்றிய பிக்கப்பையும் பழைய இணைப்பின் ஒளிப்படத்தையும் கருவியோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டுகிறேன்.