வாழைப்பழமும் ரொட்டியும்: ஒரு ‘சூப்பர்ஃபுட்’டின் கதை

காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் ‘நூறு ஆண்டுகளின் தனிமை’ நாவலை வாசித்தவர்கள், மகோந்தாவுக்குள் வந்திறங்கும் வாழைப்பழக் கம்பெனியை மறந்திருக்க மாட்டார்கள். 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனகா நகரில், வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்கள் மீது ராணுவம் நடத்திய துப்பாக்கிச்சூடே நாவலின் படுகொலைக் காட்சிக்கு அடிப்படை. அத்தொழிலாளர்கள் உழைத்தது அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனிக்காக. அக்கம்பெனிக்கு இன்னொரு முகமும் இருந்தது. இலக்கியம் அதிகம் கண்டுகொள்ளாத அம்முகம், குழந்தைகளின் தாய்மாரை நோக்கிப் புன்னகைத்தது. இன்று ‘சூப்பர்ஃபுட்’ என்ற பெயரில் விற்கப்படும் உணவுகள் உண்மையிலேயே உடலுக்கு நன்மை செய்கின்றனவா என்ற கேள்விக்கு விடை தேடுவோர், அந்தப் புன்னகையிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

1899-இல் உருவான யுனைடெட் ஃப்ரூட், மத்திய அமெரிக்கத் தோட்டங்களிலிருந்து குளிரூட்டிய கப்பல்களில் பழத்தைக் கொண்டுவந்தது. வாழைப்பழம் காத்திருக்காது, வந்தவுடன் விற்றாக வேண்டும். எனவே அரிய பண்டமாக இருந்ததை அன்றாட உணவாக மாற்றுவது கம்பெனிக்கு அவசியமாயிற்று. ‘வாழைப்பழத்தின் உணவு மதிப்பு’ என்ற சிறு நூலை 1917-இல் அது வெளியிட்டது. சத்து மிகுந்தது, மலிவானது, எளிதில் செரிப்பது, கிருமி அணுகாதபடி இயற்கையே தோலால் பொதிந்து தந்தது என்றெல்லாம் பழத்தின் புகழ் பாடப்பட்டது. ‘சூப்பர்ஃபுட்’ என்ற சொல்லும் ஏறத்தாழ அக்காலத்தில்தான் அச்சேறத் தொடங்கியது. அச்சொல்லுக்கு இன்றுவரை அறிவியல் வரையறை ஏதும் இல்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

விளம்பரத்துக்கு மருத்துவத்தின் துணை கிடைத்தது 1924-இல். அதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். சில குழந்தைகள் தாய்ப்பால் மறந்து பிற உணவுகளுக்குப் பழகியபின் வயிறு உப்பி, கை கால் சூம்பி, ஓயாத வயிற்றுப்போக்கால் நலிந்து இறந்துபோவதை மருத்துவர்கள் கண்டிருந்தனர். இன்று நாம் சீலியாக் நோய் என்று அழைப்பது இதுவே. லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ 1888-இல் இதைத் துல்லியமாக விவரித்து, இந்நோய் தீருமானால் அது உணவால்தான் தீரும் என்றார். நாள்தோறும் டச்சுக் கடற்சிப்பி உண்ட ஒரு குழந்தை வியக்கத்தக்க வகையில் தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நலிந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். மாவுணவைக் குறைக்கச் சொன்ன அவரே, இருபுறமும் நன்கு வாட்டிய மெல்லிய ரொட்டித் துண்டை மட்டும் அனுமதித்தார். விடைக்கு அருகே வந்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார்.

நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், 1924-இல் சீலியாக் நோய்க்கு வாழைப்பழ உணவுமுறையை முன்வைத்தார். பத்துக் குழந்தைகளில் வாழைப்பழம் உண்ட எட்டுப் பேர் தேறினர்; உண்ணாத இருவர் இறந்தனர். மரணத்தின் விளிம்பிலிருந்து திரும்பி வந்த குழந்தைகளைக் கண்ட பெற்றோருக்கு அது அற்புதமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ‘வாழைப்பழக் குழந்தைகள்’ என்றே அவர்கள் அழைக்கப்பட்டனர். அடுத்த பல ஆண்டுகளுக்கு இதுவே முதன்மையான சிகிச்சையாக விளங்கியது. பழம் விற்ற கம்பெனிக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் வேறென்ன வேண்டும்?

ஆனால் ஹாஸின் உணவுமுறையில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, நாளுக்கு நான்கு முதல் எட்டு வாழைப்பழம். மற்றொன்று, விலக்க வேண்டியவற்றின் பட்டியல்: ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, எல்லாத் தானியங்களும். உலகம் முதல் பகுதியைக் கொண்டாடியது. குழந்தைகளைக் காப்பாற்றியதோ இரண்டாம் பகுதி.

இதை உறுதியாக நிறுவியவர் நெதர்லாந்தின் ஹேக் நகரிலிருந்த குழந்தை மருத்துவர் வில்லெம் கார்ல் டிக்கே. கோதுமையின் மீது அவருக்குப் போருக்கு முன்பே ஐயம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மன் ஆக்கிரமிப்பின்கீழ் மேற்கு நெதர்லாந்து பட்டினியில் வாடியது. மக்கள் டூலிப் மலர்க்கிழங்கை அவித்துத் தின்றனர். நாடே மெலிந்த அந்நாட்களில் சீலியாக் குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பியதும் மீண்டும் நோயில் விழுந்தனர். டிக்கே அந்த அவதானிப்போடு நிறைவடைந்துவிடவில்லை. போருக்குப் பின், மருத்துவமனையில் அதே குழந்தைகளுக்கு ஒவ்வொரு தானியமாகக் கொடுத்தும் நிறுத்தியும், எடையையும் மலத்தில் வெளியேறும் கொழுப்பையும் அளந்து, 1950-இல் தம் ஆய்வேட்டை அளித்தார். 1952-இல் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள், குற்றவாளி கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் எனக் காட்டினர்.

ஹாஸ் இதை ஏற்கவில்லை. வாழைப்பழ உணவுமுறை நோயை நிரந்தரமாகக் குணப்படுத்துவதாகவே அவர் நம்பினார்; 1964-இல் இறக்கும்வரை அக்கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அவர் வணிகர் அல்லர், ஏமாற்றுக்காரரும் அல்லர்; குழந்தைகளை உண்மையாகவே காப்பாற்றியவர். நம்பிக்கையின் விலையைக் கொடுத்தவர்கள் அக்குழந்தைகளே. குணமாகிவிட்டது என்ற சொல்லை நம்பி ரொட்டிக்குத் திரும்பியவர்களின் குடல், வெளியே தெரியாமல் மீண்டும் சிதையத் தொடங்கியது. சீலியாக் நோய்க்கு முழு நீக்கம் கிடையாது. வாழ்நாள் முழுதும் குளூட்டனை விலக்குவதே இன்றும் சிகிச்சை. பழத்தின் பெருமையில், ரொட்டியின் குற்றம் மறைந்துபோயிற்று.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது வாழைப்பழம் நல்லதன்று என்பதல்ல. அது நல்ல உணவுதான். ஒரு குறிப்பிட்ட உணவால் நன்மை விளைந்ததாகத் தோன்றும்போது, அது தட்டிலிருந்து எதை அகற்றியது என்று கேட்க வேண்டும் என்பதே இதன் பாடம். காலையில் இனிப்புப் பண்டத்துக்குப் பதிலாக அவுரிநெல்லிப் பழம் உண்பவர் நலமடைந்தால், புகழ் எவ்வளவு பழத்துக்கு, எவ்வளவு உண்ணாத இனிப்புக்கு? கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டு அதன்மேல் ஒரு கரண்டி அதிசயப் பொடியைத் தூவிக்கொள்பவர் எதையும் அகற்றவில்லை.

சட்டமும் அறிவியலும் இதைத் தாமதமாகவேனும் உணர்ந்தன. உரிய சான்றுள்ள நலக்கூற்று இல்லாமல் உணவுப்பொருளை ‘சூப்பர்ஃபுட்’ என்று விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் தடை விதித்தது. உணவுகளின் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பாற்றலைச் சோதனைக்குழாயில் அளந்து வெளியிட்டிருந்த பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012-இல் தன் இணையதளத்திலிருந்து நீக்கியது. அந்த எண்கள் மனித உடலில் நிகழ்வதைக் காட்டவில்லை, வணிகர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகின்றனர் என்பதே அத்துறை சொன்ன காரணம்.

ஓர் உணவைப் போற்றுவது எளிது. அதை விற்பதற்கு ஆள் இருக்கிறது. ஓர் உணவை விலக்கச் சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. டிக்கேயின் கண்டுபிடிப்பைப் பொட்டலம் கட்டி விற்க அன்று ஒரு கம்பெனியும் முன்வரவில்லை. ஆயினும், அதிசயக் கனியைக் காட்டாமல் அன்றாட ரொட்டியைச் சந்தேகித்த அந்த மருத்துவரால்தான், எத்தனையோ குழந்தைகள் வளர்ந்து முதுமை கண்டிருக்கிறார்கள்.