காலை ஊன்றினால் ஒரு மார்க்

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு பழைய புல்லட் நிற்கும். பார்த்திருப்பீர்கள். யாராவது ஏறி உதைத்தால் தெருமுனை வரைக்கும் 'டும் டும்' என்று கேட்கும். அந்த வண்டியின் தாத்தா, பாறையிலும் சேற்றிலும் மனிதன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போய்ப் பரிசு வாங்கியவர் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். அந்தப் போட்டிக்கு ட்ரையல்ஸ் என்று பெயர். கோர்ட்டில் நடக்கிற சங்கதி அல்ல. மோட்டார் சைக்கிள் சங்கதி.

பைக் பந்தயம் என்றால் நமக்கு சோழவரம்தான் ஞாபகத்துக்கு வரும். புகை, சத்தம், வேகம். ட்ரையல்ஸ் அப்படியே தலைகீழ். ஓடையோ, பாறைக் குவியலோ, வழுக்குகிற மண்மேடோ, ஒரு துண்டு இடத்தை நாடா கட்டிப் பிரித்துவைப்பார்கள். அதன் வழியே வண்டியை ஓட்டிக்கொண்டு போகவேண்டும். காலைக் கீழே வைக்கக்கூடாது. ஒரு தடவை ஊன்றினால் ஒரு மார்க். இரண்டு தடவை என்றால் இரண்டு. அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ, நாடாவைத் தாண்டினாலோ ஐந்து. யார் குறைவாக மார்க் வாங்குகிறார்களோ அவர்தான் ஜெயித்தவர். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் சாம்பியன் ஆகியிருப்பார்கள்.

இதெல்லாம் விளையாட்டாக ஆரம்பிக்கவில்லை. நூறு வருஷம் முன்னால் மோட்டார் சைக்கிள் என்பது பாதி வழியில் நின்றுபோகிற சாமான். 'எங்கள் வண்டி நிற்காது, மலை ஏறும்' என்று நிரூபித்தால்தான் விற்கும். ஸ்காட்லாந்தில் 1909-ல் நாள்கணக்கில் மலைகளைச் சுற்றிவரும் போட்டி ஒன்று தொடங்கியது. அதுதான் பின்னால் 'ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையல்' ஆனது. யார்க்ஷயரில் ஆல்ஃப்ரெட் ஆங்கஸ் ஸ்காட் என்ற பைக் முதலாளி, தன் தொழிலாளிகளுக்காகவே 1914-ல் ஒரு போட்டி வைத்தார். இரண்டும் இன்றைக்கும் நடக்கின்றன.

இனி நம்ம புல்லட்.

நாற்பதுகளில் பெரும்பாலான பைக்குகளில் பின்சக்கரத்தை நேராகச் சட்டத்தோடு முடுக்கிவைத்திருப்பார்கள். ஷாக் அப்சார்பர் கிடையாது. சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்ப்ரிங். அவ்வளவுதான் சௌகரியம். ட்ரையல்ஸ்காரர்கள் அதுதான் சரி என்று அடித்துச் சொன்னார்கள். பின்சக்கரம் ஆடினால் பிடி போய்விடும் என்பது அவர்கள் கட்சி. 1948 பிப்ரவரியில் கோல்மோர் கோப்பை ட்ரையலுக்கு ராயல் என்ஃபீல்ட் கம்பெனி ஸ்விங் ஆர்ம் வைத்த புதுப் புல்லட்டுகளைக் கொண்டுவந்தது. பலருக்குப் புருவம் உயர்ந்தது. அதே வருஷம் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில், ஜெயித்த பிரிட்டிஷ் அணியில் இந்தப் புல்லட்டுகள் இருந்தன. 1952-லும் 1957-லும் ஜானி பிரிட்டன் என்பவர் புல்லட்டில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை ஜெயித்தார். சக்கரம் ஆடினால் பிடி போகாது. கல்லுக்குக் கல் குதிக்காமல் தரையோடு ஒட்டிப் போகும் என்பது அதன்பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது.

இந்த இரண்டு வெற்றிகளுக்கும் நடுவில், 1955-ல், அந்தப் புல்லட் மெட்ராஸுக்கு வந்தது. திருவொற்றியூர் ஃபாக்டரி கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அந்த 'டும் டும்' இருக்கிறதே, அதற்கும் காரணம் உண்டு. உள்ளே இருக்கிற ஃப்ளைவீல் கனமானது. ஒருமுறை சுற்றிவிட்டால் லேசில் நிற்காது. ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே வண்டி மெல்ல உருண்டு மேடு ஏறும். சேற்றில் அது பெரிய வரம். நான் இருபத்தைந்து வயதில் ஒரு பழைய புல்லட் வைத்திருந்தேன். அந்தச் சத்தம் இன்னும் இடைவெளி விட்டு வரவேண்டும் என்று ஆசைப்பட்டு, கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகித் திருகி ஸ்லோவைக் குறைத்தேன். சத்தம் வந்தது, ஊரே திரும்பிப் பார்த்தது. ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி அணைந்தது. பின்னால் நின்றவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

வண்டியைத் திருகுவதற்கும் ஒரு ஞானம் வேண்டும். அது இருந்த மனிதர் சாமி மில்லர்.

பெல்ஃபாஸ்ட்காரர். வேகப் பந்தயத்தில் சாதாரண ஆள் இல்லை. 1957-ல் 250 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் மூன்றாம் இடம். அப்பேர்ப்பட்டவர் அதை விட்டுவிட்டு ட்ரையல்ஸ் பக்கம் முழுசாக வந்தார். அவருடைய வண்டி 500 சிசி ஏரியல். நம்பர் ஜி.ஓ.வி. 132. கடையில் வாங்கும்போது அந்த மாடல் கிட்டத்தட்ட 130 கிலோ. மில்லருக்கு அது பொறுக்கவில்லை. சட்டத்தை லேசான எஃகுக் குழாயில் மாற்றினார். தகரம் இருந்த இடத்தில் ஃபைபர்கிளாஸ் வைத்தார். தேவையில்லாததைக் கழற்றினார், தேவையானதை இழைத்தார். சுமார் 110 கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டார். 1959 முதல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் அவர் வீட்டைவிட்டு நகரவே இல்லை. ஸ்காட்லாந்திலும் 1962, 1964 என்று இரண்டு வெற்றிகள்.

இதில் ஒரு வேடிக்கை. ஏரியல் கம்பெனி ஃபோர் ஸ்ட்ரோக் பைக் தயாரிப்பதையே 1959-ல் நிறுத்திவிட்டது! பி.எஸ்.ஏ. குழுமத்தின் பிள்ளையாகிப்போன ஏரியல், டூ ஸ்ட்ரோக் டவுன் வண்டிகளுக்கு மாறிவிட்டது. அதாவது, மில்லர் வாராவாரம் ஜெயித்துக்கொண்டிருந்த வண்டி எந்தக் கடையிலும் கிடையாது. நான் பி.காம். படித்தவன். இல்லாத சரக்குக்கு இவ்வளவு நல்ல விளம்பரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த இடத்தில்தான் ஸ்பெயினிலிருந்து ஒருவர் வருகிறார். ஃப்ரான்சிஸ்கோ புல்ட்டோ. மோன்டேசா கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். பங்காளி ரேஸ் செலவைக் குறைக்கவேண்டும் என்றதும் 1958-ல் வெளியே வந்து, புல்ட்டாகோ என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தவர். 1964-ல் மில்லரை பார்சிலோனாவுக்கு வரவழைத்தார். கையில் இருந்த டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைக் காட்டினார். பன்னிரண்டே நாள். பிரித்தார்கள், வெட்டினார்கள், ஒட்டினார்கள், மலையில் ஓட்டிப்பார்த்துத் திரும்ப வந்து மறுபடி வெட்டினார்கள். வெளியே வந்தது 244 சிசி ஷெர்பா டி. எடை தொண்ணூற்றுச் சொச்சம் கிலோ. 1965-ல் மில்லர் அதில் ஏறி ஸ்காட்லாந்தில் ஜெயித்தார். 500 சிசி பெரியவர்களின் காலம் அதோடு முடிந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளில் எஞ்சினின் சக்தியைக் கூட்ட யாரும் அலையவில்லை. எடை, சக்கரங்களுக்கு நடுவே தூரம், கால் வைக்கிற இடம், ஆரம்ப வேகத்தில் எஞ்சின் திணறாமல் இழுப்பது. கவலையெல்லாம் இதில்தான். இன்றைக்கு முதல்முறையாக ஒரு ட்ரையல்ஸ் பைக் உங்கள் கைக்கு வந்தாலும் வரிசை அதுதான். எஞ்சினைத் தொடாதீர்கள்.

முதலில் ஏறி நில்லுங்கள். உட்கார அல்ல, நிற்க. இப்போது வருகிற ட்ரையல்ஸ் பைக்கில் சீட்டே கிடையாது. இருந்தாலும் பேருக்குத்தான். நின்றபடி முழங்காலைச் சற்று மடக்கிக் கையை நீட்டினால் ஹேண்டில்பார் இயல்பாக அகப்படவேண்டும். முதுகு கூனினால் கொஞ்சம் முன்னே சுழற்றுங்கள். க்ளட்ச், பிரேக் லிவர்கள் சற்றே கீழ்நோக்கி இருக்கட்டும். ஒரே விரலால் இழுக்கிற தூரத்தில் இருக்கவேண்டும். மற்ற விரல்கள் பிடிக்க. லிவரைப் பிடித்திருக்கிற க்ளாம்ப்பை நெரித்து முடுக்காதீர்கள். நீங்கள் விழத்தான் போகிறீர்கள். விழும்போது லிவர் சுழன்று கொடுத்தால் தப்பிக்கும். முடுக்கியிருந்தால் உடையும்.

அடுத்தது காற்று. புதிதாக வருகிறவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான். ரோட்டு வண்டிக்கு 25, 30 பவுண்டு வைக்கிறோம் அல்லவா? இதில் பின்சக்கரத்துக்கு நான்கு அல்லது ஐந்து. முன்சக்கரத்துக்கு ஆறு வாக்கில். டயர் உள்ளங்கை மாதிரி கல்லைக் கவ்வவேண்டும். பெட்ரோல் பங்க் மீட்டரில் நான்கு பவுண்டைச் சரியாகப் படிக்க முடியாது. குறைந்த அழுத்தத்துக்கென்று தனி கேஜ் விற்கிறது, அதை வாங்கிவிடுங்கள். ட்யூப் போட்ட பழைய வண்டி என்றால், டயரை ரிம்மோடு கவ்விப் பிடிக்கும் போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டயர் நழுவி வால்வைப் பிய்த்துவிடும்.

ஆக்ஸிலேட்டர் மெதுவாகத் திறக்கிற வகை கிடைக்கும். கை தேறும்வரை அதுதான் நல்லது. மணிக்கட்டில் ஒரு கயிறு மாட்டுவார்கள். அதன் மறுமுனை எஞ்சினை அணைக்கிற சுவிட்சில் இருக்கும். ஆள் விழுந்தால் கயிறு உருவிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். காலி மைதானம்தானே என்று அதை மாட்டாமல் ஏறாதீர்கள். ஆளில்லாத வண்டி தானே மலை ஏறுவதைப் பார்க்கச் சகிக்காது.

பராமரிப்பு என்றால் பெரும்பாலும் அழுக்கோடு சண்டைதான். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். சேற்றில் ஒருநாள் ஓட்டினால் அன்று மாலையே கழற்றி, அலசி, நன்றாகக் காயவிட்டு, அதற்குரிய எண்ணெயைத் தடவிப் பிழிந்து மாட்டவேண்டும். எண்ணெய் தடவ மறந்தால் தூசி நேராக எஞ்சினுக்குள் போகும். வண்டியைக் கழுவுகிறேன் பேர்வழி என்று வாட்டர் சர்வீஸ் குழாயைச் சக்கர பேரிங்கில் நேராகக் காட்டாதீர்கள். கிரீஸ் போய்த் தண்ணீர் குடியேறும். செயினுக்கு எண்ணெய் அடிக்கும்போது பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டுகூடத் தெறிக்கக்கூடாது. ஸ்போக்குகளைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்ததை முடுக்குங்கள். பெரும்பாலான ட்ரையல்ஸ் வண்டி டூ ஸ்ட்ரோக்தான். பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய் என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்து அப்படியே கலக்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் விகிதம் அவர் வண்டிக்கு.

இன்னொன்று. ஊர்ந்து போகிற வண்டிக்குக் காற்று அடிக்காது. அதனால் இப்போதைய வண்டிகளில் ரேடியேட்டருக்கு ஒரு மின்விசிறி உண்டு. ரேடியேட்டர் இடுக்கில் காய்ந்த சேறு இல்லாமல், விசிறி சுற்றுகிறதா என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரி, அந்தக் கம்பெனிகள் என்ன ஆயின?

பி.எஸ்.ஏ. எழுபதுகளின் ஆரம்பத்தில் சரிந்தது. இங்கிலாந்தில் என்ஃபீல்டும் 1970-ல் முடிந்துபோனது, திருவொற்றியூரில் மட்டும் புல்லட் வந்துகொண்டிருந்தது. ஜெயித்த புல்ட்டாகோவும் தப்பவில்லை. 1975-ல் உலக சாம்பியன்ஷிப் ஆரம்பித்து, 1979 வரை ஐந்து வருஷமும் பட்டம் புல்ட்டாகோ வண்டிகளுக்கே. ஆனாலும் எண்பதுகளின் தொடக்கத்தில் கதவைச் சாத்திவிட்டது. புல்ட்டோ கோபித்துக்கொண்டு வெளியேறிய மோன்டேசாதான் ஹோண்டாவின் கைக்குப் போய்ப் பிழைத்தது. டோனி போ என்ற கட்டலான் வீரர் 2007 முதல் 2024 வரை ஒரு வருஷம் விடாமல் உலக சாம்பியன் ஆனது மோன்டேசாவில்தான்.

மில்லர் இங்கிலாந்தின் நியூ மில்டனில் ஒரு மோட்டார் சைக்கிள் மியூசியம் அமைத்தார். ஜி.ஓ.வி. 132 அங்கே இருக்கிறது.