வாட்டின் கூட்டாளி போல்ட்டன்

நீராவி இயந்திரத்தைக் கண்டவர் யாரென வினவினால், ஜேம்ஸ் வாட் என்று மாணவர்கள் விரைந்து விடை பகர்வர். அவ்விடை முற்றும் சரியன்று. 1712-ஆம் ஆண்டிலேயே நியூகமன் என்பார் அமைத்த இயந்திரம் இங்கிலாந்தில் சுரங்க நீரை இறைத்தது. ஆனால் அதில் உருளைக்குள்ளேயே நீராவியைக் குளிர்வித்தமையால், ஒவ்வொரு வீச்சுக்கும் உருளையை மீண்டும் சூடேற்ற நேர்ந்தது. நிலக்கரி மலைமலையாய்ச் செலவாயிற்று. குளிர்விக்கத் தனிக்கலம் வைத்தால் இவ்வீண்செலவு குறையும் என 1765-இல் உணர்ந்தவரே வாட். 1769-இல் காப்புரிமையும் பெற்றார். எனினும் அவ்வெண்ணம் விலைபோகும் இயந்திரமாக மேலும் ஏழாண்டுகள் சென்றன.

அதனைச் சாதித்தவர் பர்மிங்காம் நகரத்து மாத்யூ போல்ட்டன். 1728-இல் பிறந்த அவர், பொத்தானும் கொக்கியும் செய்த தந்தையின் தொழிலைப் பெருக்கிச் சோஹோ என்னுமிடத்தில் பெருந்தொழிற்சாலை நிறுவியவர். வாட்டின் முதற் கூட்டாளி ரோபக் 1773-இல் திவாலானபோது, தமக்கு வரவேண்டிய 1,200 பவுனுக்கு ஈடாகக் காப்புரிமையில் மூன்றில் இரு பங்கைப் போல்ட்டன் ஏற்றார். கடன் கொடுத்த ஏனையோர் அப்பங்கை ஒரு காசுக்கும் மதித்தாரில்லை!

1775-இல் பாராளுமன்றம் அவ்வுரிமையை 1800 வரை நீட்டியது. வில்கின்சன் என்னும் இரும்புத் தொழிலதிபர் உருளையைப் பிசகின்றிக் கடைந்து தந்தார். மறு ஆண்டு இயந்திரங்கள் ஓடலாயின.

போல்ட்டன் வகுத்த விலைமுறை வியப்புக்குரியது. இயந்திரத்தின் பெரும்பகுதிகளைச் சுரங்கத்தாரே வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டாளிகள் வரைபடமும் நுண்ணிய உறுப்புகளும் தருவர். பழைய இயந்திரத்தைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் விலையில் மூன்றிலொரு பங்கு அவர்களைச் சேரும். நிலக்கரியற்ற கார்ன்வால் நாட்டுச் செம்புச் சுரங்கத்தார் முதலில் இதனை மகிழ்ந்தேற்றனர். ஆண்டுகள் செல்ல, அப்பங்கே கசந்தது. சிலர் பணம் தர மறுத்தனர். ஹார்ன்புளோயர் குடும்பத்தார் வேறு வகை இயந்திரம் அமைத்தனர். வழக்கு நீண்டு, 1799-இல் கூட்டாளிகளுக்கே வெற்றி கிட்டியது. சட்டப்படி அது நியாயமே. ஆயினும் இரண்டு உருளைகளால் இயங்கும் ஹார்ன்புளோயரின் நல்ல கருத்து அவ்வுரிமையின் நிழலில் வளராது நின்றதையும் நாம் மறத்தலாகாது.

சுரங்கங்களின் தேவைக்கு எல்லையுண்டு என்பதைப் போல்ட்டன் முன்பே கண்டிருந்தார். ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றும் இயந்திரம் வேண்டுமென்று தயங்கிய வாட்டை இடையறாது தூண்டினார். 1781-இல் அதற்கும் காப்புரிமை கிடைத்தது. நூற்பாலைகளிலும் மாவாலைகளிலும் நீராவி புகுந்தது இவ்வழியே.

1788-இல் சோஹோவில் நீராவியால் இயங்கும் நாணயச்சாலை ஒன்றையும் நிறுவினார். சென்னை மாகாணத்துக்கெனக் கிழக்கிந்தியக் கம்பெனி வேண்டிய செப்புக்காசுகள் அங்கே அச்சாயின. அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையருகே மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் போல்ட்டன் காலமானார். கடலடியிற் கிடந்த அக்காசுகளை முக்குளிப்போர் மேலே கொணர்ந்தது 1980-களில்தான்.